குழிப் பங்கு, தோட்டப் பங்கு, கிளவுட் பங்கு – நம்மூர்க் கண்ணால் ஒரு வரலாறு

  

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள், பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கடந்த சில மாதங்களாக என்னிடம் படித்த பிள்ளைகள் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "சேர், கிளவுட் கம்பனி ஷேர் வாங்கலாமா? செயற்கை நுண்ணறிவு வந்துட்டுது, இனி எல்லாமே அந்தக் கம்பனிகள் கையிலதானாம்." கேட்பவர்களில் கட்டாரில் இருந்து லீவில் வந்த பிள்ளையும் உண்டு, தோட்டத்து லயத்தில் இருந்து கொழும்புக்கு வேலைக்குப் போகிற பிள்ளையும் உண்டு. ஒருவர் உம்மாவின் காப்பை அடகு வைக்கும் அளவுக்கு வந்துவிட்டார். நான் பங்குத் தரகர் இல்லை, வரலாறு படிப்பிக்கிறவன். "வாங்கு", "வாங்காதே" என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. இந்த மண்ணிலேயே மூன்று நான்கு தடவை நடந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது.

முதலில் "பங்கு" என்ற சொல். இரத்தினபுரி மாவட்டத்தில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரு மாணிக்கக் குழி இறக்கினால் காணிக்காரருக்கு ஒரு பங்கு, லைசன் எடுத்தவருக்கு ஒரு பங்கு, தண்ணீர் இறைக்கும் பம்ப் வைத்திருப்பவருக்கு ஒரு பங்கு, செலவு போட்டவருக்கும் குழிக்குள் இறங்கி வேலை செய்தவர்களுக்கும் மீதி. கணக்கு குழிக்குக் குழி மாறும், முறை மாறாது. இல்லத்தைக் கழுவிப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால் எல்லோருக்கும் ஒன்றும் இல்லை. பம்ப்காரருக்கும் இல்லை. மார்க்கத்தில் முழாரபா, முஷாரகா என்று நாம் படிக்கிற ஏற்பாடுகளின் அடிப்படையும் இதுதான்: இலாபத்தில் பங்கு கேட்பவர் நட்டத்திலும் நிற்க வேண்டும். கொழும்புப் பங்குச் சந்தையானாலும் நியூயோர்க் ஆனாலும் ஷேர் என்பது அடிப்படையில் இதே குழிப் பங்குதான். ஒரே வித்தியாசம், அங்கே குழியை நீங்கள் பார்க்க மாட்டீர்கள்.

அந்தக் "கிளவுட்" குழி எப்படி இருக்கும்? பெயரைக் கேட்டு வானத்தைப் பார்க்க வேண்டாம். அது தரையில் இருக்கும் பெரிய பெரிய கட்டடம். உள்ளே தட்டுத் தட்டாகக் கணினிகள், அவற்றைக் குளிராக்க இயந்திரங்கள், ஒரு சிறு நகரத்துக்குப் போதுமான மின்சாரம். ஒவ்வொரு கம்பனியும் தனக்கென்று கணினி வாங்கி அறை கட்டுவதற்குப் பதிலாக இங்கே வாடகைக்கு எடுக்கும். பயன்படுத்திய அளவுக்குக் காசு, நம் வீட்டு மின்சார பில் மாதிரி. புத்தகம் விற்கும் கடையாகத் தொடங்கிய அமேசன் 2006 இல் இதை வியாபாரமாகத் திறந்தது. பிறகு மைக்ரோசொப்ட், கூகுள் வந்தன. இந்தப் பதிவை நீங்கள் வாசிக்கும் பேஸ்புக்கும் அப்படியான கட்டடங்களில்தான் ஓடுகிறது. நம் நாட்டிலும் ஸ்ரீலங்கா டெலிகொம் ஹோமாகம பிட்டிபனையில் தரவு நிலையம் வைத்திருக்கிறது.

ஆக இது கற்பனை இல்லை, உண்மையான தொழில். தேவையும் உண்மை. அப்படியானால் பயம் எதற்கு? அங்கேதான் வரலாறு வருகிறது.

1840களில் இங்கிலாந்தில் ரயில் பைத்தியம் பிடித்தது. யாரைப் பார்த்தாலும் ரயில் கம்பனி ஷேர். 1846 இல் மட்டும் 260க்கு மேற்பட்ட ரயில் சட்டங்களை அந்த நாட்டுப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. ஜோர்ஜ் ஹட்சன் என்பவரை "ரயில் ராஜா" என்றார்கள். 1849 இல் பார்த்தால், அவர் கொடுத்த இலாபப் பங்கு உழைத்த இலாபத்தில் இருந்து வந்ததல்ல, முதலீடு செய்தவர்களின் பணத்தையே எடுத்துத் திரும்பக் கொடுத்திருக்கிறார். (நம்மூரில் இன்று "ஆள் சேர்த்தால் மாதாமாதம் காசு" என்று வருகிறவர்களின் கொள்ளுப் பாட்டன் இவர்தான்.) 1850 அளவில் ரயில் பங்குகளின் விலை உச்சத்தில் இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விட்டது.

இந்தப் பைத்தியம் கடல் தாண்டி இலங்கைக்கும் வந்தது. 1845 இல் லண்டனில் சிலோன் ரயில்வே கம்பனி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கண்டிப் பக்கத்துக் கோப்பியைக் கொழும்புக்கு இறக்குவது நோக்கம். மண் வெட்டவே 1858 வரை பொறுக்க வேண்டியிருந்தது. வெட்டிய பிறகு, போட்ட கணக்கைவிடச் செலவு பல மடங்கு வரும் என்று தெரிந்தது. கடைசியில் கம்பனியை ஒதுக்கிவிட்டு அரசாங்கமே பொறுப்பெடுத்தது. 1864 டிசம்பரில் அம்பேபுஸ்ஸை வரைக்கும், 1867 இல் கண்டி வரைக்கும் ரயில் ஓடியது. அந்தத் தண்டவாளத்தில் இன்றைக்கும் போகிறோம். இதை மனதில் வையுங்கள்: ரயில் வென்றது, ரயில் கம்பனி தோற்றது. ஒரு பொருள் உலகத்தை மாற்றும் என்பதும், அதில் காசு போட்டவருக்குக் காசு வரும் என்பதும் இரண்டு வேறு கதைகள்.

அடுத்தது நம் வீட்டுக் கதை. இறப்பர்.

1876 இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலில் இருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கு முளைத்த கன்றுகளில் பெரும் பகுதி அதே வருடம் இலங்கைக்கு வந்து கம்பஹா ஹெனரத்கொடையில் நடப்பட்டது. இருபது வருடம் யாரும் அதைப் பெரிதாகக் கணக்கெடுக்கவில்லை. கோப்பி செத்த இடத்தில் எல்லோரும் தேயிலை நட்டுக்கொண்டிருந்தார்கள். 1896 இல் கொழும்பில் பங்குத் தரகர்கள் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. தோட்டக் கம்பனிகளுக்குக் காசு திரட்டுவதுதான் அதன் முக்கிய வேலை. இன்றைய கொழும்புப் பங்குச் சந்தையின் வேர் அதுதான். அதாவது இந்த நாட்டில் ஷேர் மார்க்கெட் என்பதே தோட்டத்துக்காக, தோட்டத்து உழைப்பின் மேல் பிறந்தது. பாடப் புத்தகத்தில் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள்.

பிறகு மோட்டார் கார் வந்தது. டயர் வேண்டும், டயருக்கு இறப்பர் வேண்டும். 1910 ஏப்ரலில் லண்டனில் ஒரு இறாத்தல் இறப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் போனது. உற்பத்திச் செலவு அதில் ஒரு சிறு பகுதிதான். லண்டனில் கடைச் சிப்பந்திகள்கூட வரிசையில் நின்று இறப்பர் ஷேர் வாங்கினார்கள். கம்பனிகள் வாரா வாரம் முளைத்தன. 1900 ஆம் ஆண்டில் இலங்கையில் இறப்பர் நட்டிருந்த நிலம் சொற்பம். பத்தே வருடத்தில் அது இரண்டு லட்சம் ஏக்கர் அளவுக்கு வந்தது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி என்று காடு வெட்டி நட்டார்கள். இரத்தினபுரிக்கு 1912 இல் சிறு ரயில் பாதை வந்ததும், 1919 இல் அது ஓப்பநாயக்க வரை நீண்டதும் இந்தக் காலத்தில்தான். அந்த ரயிலை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள், நம் பிள்ளைகளுக்கு அது ஒரு பெயர் மட்டும்.

இறப்பர் மரத்தில் ஒரு விசயம் உண்டு, தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். நட்ட மரத்தில் பால் வெட்ட ஆறு ஏழு வருடம் ஆகும். 1910 விலையைப் பார்த்து நட்டவரின் மரம் 1916, 1917 இல்தான் பால் தந்தது. எல்லோரும் ஒரே விலையைப் பார்த்து ஒரே நேரத்தில் நட்டிருந்தால், எல்லோருடைய பாலும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வரும். அதுதான் நடந்தது. 1921 இல் விலை ஒரு ஷில்லிங்குக்கும் கீழே விழுந்தது. 1922 இல் ஸ்டீவன்சன் திட்டம் என்று போட்டு மலாயாவும் இலங்கையும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. விலை ஏறியது. ஆனால் டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தீவுகள் அதில் சேரவில்லை, அவர்கள் நட்டுக்கொண்டே இருந்தார்கள். 1928 இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். 1932 இல் ஒரு இறாத்தல் சுமார் 2 பென்ஸ். ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், 150 பென்ஸுக்கு மேல் இருந்தது 2 பென்ஸ் ஆனது.

அந்த இருபது வருடத்தில் உலகில் கார் குறைந்ததா? இல்லை. பல மடங்கு கூடியது. இறப்பரின் தேவையைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை, அந்த விலைதான் பொய்.

நட்டத்தை யார் சுமந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஷேர்காரருக்கு இலாபப் பங்கு நின்றது, உண்மை. ஆனால் தோட்டத்தில்? 1929 இல்தான் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்திருந்தது. மந்தம் வந்ததும் அதையும் குறைத்தார்கள். இறப்பர்த் தோட்டங்களில் வேலை நின்று, ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். காடு வெட்டியவருக்கும் பால் வெட்டியவருக்கும் ஏற்றத்தில் பங்கு இருக்கவில்லை, இறக்கத்தில் மட்டும் முழுப் பங்கு இருந்தது. நம் குழிக் கணக்கோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு அநியாயம் என்பது விளங்கும்.

போர் வந்து 1942 இல் மலாயா ஜப்பானிடம் விழுந்ததும் இலங்கை இறப்பர் பொன்னானது, மரங்களைக் கண்மண் தெரியாமல் வெட்டிப் பால் எடுத்தார்கள். 1952 இல் சீனாவோடு இறப்பர் – அரிசி ஒப்பந்தம். இவற்றை வேறொரு நாள் எழுதலாம்.

1972 இல் காணிச் சீர்திருத்தம், தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு. 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமை. லண்டனில் பதிந்த ஸ்டேர்லிங் கம்பனிகளும் போயின, கொழும்பில் பதிந்த ரூபாய்க் கம்பனிகளும் போயின. தோட்டத்துக்காகவே பிறந்த பங்குச் சந்தை வெறுங்கையாக நின்றது. சட்டத்தின் ஒரு கையெழுத்தில் ஷேர் காற்றில் போகலாம் என்பதும் நாம் பார்த்த பாடம்தான். இன்று வெளிநாட்டு ஷேர் வாங்கும் பிள்ளைகள் விலை வரைபடத்தை மட்டும் பார்க்கிறார்கள், அரசாங்கங்களை யாரும் பார்ப்பதில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம்.

1992 இல், ஜனாதிபதி பிரேமதாசாவின் காலத்தில், அரசுத் தோட்டங்களைப் பிரித்துப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் உருவாக்கப்பட்டன. சப்ரகமுவவில் நமக்குப் பழக்கமான பெயர்கள்: பலாங்கொடை பிளான்டேசன்ஸ், ஹப்புகஸ்தென்ன பிளான்டேசன்ஸ், கஹவத்தை பிளான்டேசன்ஸ், கேகாலை பிளான்டேசன்ஸ், களனிவெளி பிளான்டேசன்ஸ். நிலம் அரசுடையது, குத்தகை 2045 வரைக்கும். முதலில் நிர்வாகம் மட்டும் தனியாரிடம் போனது. 1995 இல் இருந்து பங்குகளையே விற்றார்கள். 51 வீதம் ஏலத்தில் எடுத்த பெரிய கம்பனிக்கு. 20 வீதம் பங்குச் சந்தை வழியாகப் பொதுமக்களுக்கு. ஊழியர்களுக்கு 10 வீதம், இலவசமாக.

ஆம், இலவசமாக. கொழுந்து எடுத்தவர், பால் வெட்டியவர் பெயருக்கு ஷேர். 1896 இல் தரகர் சங்கம் தொடங்கி நூறு வருடம் கழித்து, முதல் தடவையாகத் தோட்டத் தொழிலாளி தன் தோட்டத்தின் பங்காளி ஆனார். வரலாற்றில் இதைவிடப் பெரிய செய்தி என்ன வேண்டும்? ஆனால் இன்று லயத்தில் போய்க் கேளுங்கள், பாதிப் பேருக்கு அது ஞாபகமே இல்லை. அந்தத் தாள் என்னவென்று யாரும் அவர்கள் மொழியில் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கவில்லை. இலாபப் பங்கு என்றால் என்ன, கூட்டத்துக்கு அழைப்பு ஏன் வருகிறது, விற்றால் யாரிடம் விற்பது, ஒன்றும் இல்லை. கையில் காசு தருகிறோம் என்று வந்தவர்களிடம், கலியாணச் செலவுக்கோ வைத்தியத்துக்கோ, பலர் கொடுத்துவிட்டதாக ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாளைக்கு அரிசி இல்லாதவரிடம் பத்து வருடத்துக்குப் பிறகு வரும் இலாபத்தைப் பற்றிப் பேசுவது யாருக்கு எளிது? கையில் கொடுத்தார்கள், அறிவைக் கொடுக்கவில்லை, அதுதான் என் கோபம்.

கிளவுட்டுக்குக் கிட்டத்தட்ட ஒத்த இன்னொரு உள்ளூர்க் கதையும் இருக்கிறது. 2005 இல் டயலொக் டெலிகொம் பங்குச் சந்தைக்கு வந்தது. ஒரு பங்கு 12 ரூபாய். கோபுரம், கேபிள், சிம், எதிர்காலமே அதுதான் என்றார்கள், சரியாகத்தான் சொன்னார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கப் பங்கு போதவில்லை. முதல் இரண்டு வருடத்தில் விலை இரட்டிப்பானது. பிறகு கம்பனிகள் போட்டி போட்டுக் கட்டணத்தைக் குறைத்தன, கோபுரம் கட்டும் செலவு ஏறியது, 2008 இலும் 2009 இலும் டயலொக் நட்டம் காட்டியது. 2009 ஆரம்பத்தில் பங்கு 10 ரூபாய்க்கும் கீழே. 2023 இலும் அதே 12 ரூபாய்க்குக் கீழேதான். இடையில் இலாபப் பங்கு கொடுத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 2005 இல் டொலர் 100 ரூபாய், 2023 இல் 300க்கு மேல். அந்த 12 ரூபாயின் பெறுமதி எங்கே போனது என்று நீங்களே பாருங்கள். இத்தனைக்கும் டயலொக் தோற்ற கம்பனி அல்ல. களவானைக் காட்டுக்குள்ளும் சிக்னல் வருகிறதே. போட்டியால் இலாபம் அடைந்தது முக்கியமாக நாம்தான், ஃபோன் பேசியவர்கள்.

உலக அளவில் இதே கதை 2000 ஆம் ஆண்டில். இணையம் வந்துவிட்டது என்று கடலுக்கடியில் கேபிள் போட்ட குளோபல் குரோசிங் 2002 ஜனவரியில் வங்குரோத்து. கேபிள் கடலிலேயே கிடந்தது, வேறு ஆட்கள் மலிவாக எடுத்து ஓட்டினார்கள். இணையத்துக்குக் கருவி விற்ற சிஸ்கோ 2000 மார்ச்சில் சிறிது காலம் உலகின் மிகப் பெறுமதியான கம்பனி. அன்றைய பங்கு விலையைத் திரும்பத் தொட அதற்கு 25 வருடம் ஆனது. அமேசனே 1999 டிசம்பரில் 107 டொலர் வரை போய், 2001 இல் 6 டொலருக்குக் கீழே விழுந்தது. பிடித்துக்கொண்டிருந்தவர் பணக்காரர் ஆனார் என்பார்கள். உண்மைதான். ஆனால் அடகு வைத்த காசில் வாங்கியவரால் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. வட்டியும் தவணையும் அவரை விற்க வைத்துவிடும்.

கிளவுட்டிலேயே இரண்டு பெயரைச் சொல்கிறேன். ரக்ஸ்பேஸ் என்ற பழைய கம்பனி 2020 இல் 21 டொலருக்குச் சந்தைக்கு வந்து, 2023 இல் 3 டொலருக்கும் கீழே போனது. கிளவுட் தேவை ஏறிக்கொண்டிருந்த அதே வருடங்களில். கோர்வீவ் என்ற புதிய கம்பனி 2025 மார்ச்சில் 40 டொலருக்கு வந்தது, ஜூனில் 180 டொலரைத் தாண்டியது, வருட முடிவுக்குள் அந்த உச்சத்தின் பாதிக்கும் கீழே. இந்தக் கம்பனியின் வேலை நம் பம்ப்காரரின் வேலைதான். என்விடியா சில்லுகள் கொண்ட இயந்திரங்களை வாங்கி வாடகைக்கு விடுகிறது. ஆனால் வாங்குவது பெரும் கடனில், அந்தச் சில்லுகளையே ஈடு வைத்து. 2024 இல் அதன் வருமானத்தில் 62 வீதம் மைக்ரோசொப்ட் என்ற ஒரே வாடிக்கையாளரிடம் இருந்து. ஒரே குழிக்கு மட்டும் பம்ப் கொடுத்து, பம்ப்பையும் வட்டிக்கு வாங்கியவரை நம்மூரில் என்ன சொல்வோம்? "தைரியசாலி" என்போம், அந்தப் பக்கம் திரும்பி வேறொன்றும் சொல்வோம்.

எனக்கு அதிகம் யோசனை தருவது இன்னொன்று. ரயில் கம்பனி போனாலும் தண்டவாளம் நூறு வருடம் நின்றது. இறப்பர் விலை விழுந்தாலும் மரம் முப்பது வருடம் பால் தந்தது. கேபிள்காரர் வங்குரோத்தானாலும் கேபிள் கிடந்தது. இந்தச் சில்லு இயந்திரங்களுக்குக் கம்பனிகளே போடும் ஆயுள் ஐந்து, ஆறு வருடம். ஆறு வருடம் என்பது இறப்பர்க் கன்று பால் தரத் தொடங்கும் வயது. அதற்குள் போட்ட காசை எடுக்காவிட்டால், பின்னால் வருபவர் மலிவாக எடுத்து ஓட்டவும் அங்கே பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

நடைமுறையாகச் சில வார்த்தைகள். வெளிநாட்டுப் பங்குக்கு இங்கிருந்து காசு அனுப்புவது 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்குள் வரும். முதலில் வங்கியில் கேளுங்கள். வட்ஸ்அப் குரூப்பில் "கிளவுட் முதலீடு, நாளுக்கு இத்தனை வீதம்" என்று ஆப் அனுப்புகிறவர் எந்தக் கம்பனியின் பங்கையும் விற்கவில்லை, உங்கள் காசைத்தான் வாங்குகிறார். ஆள் சேர்க்கும் பிரமிட் முறை வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவின்படி குற்றம், சேர்த்துவிடுகிறவருக்கும் சேர்த்துத்தான். சொந்தக்காரர் என்று பார்க்க வேண்டாம். உள்ளூர்ப் பங்கு வாங்குவதென்றால் அனுமதி பெற்ற தரகர் வழியாக மத்திய வைப்புத் திட்டக் கணக்கு திறக்க வேண்டும், அதற்கு ஆப் தேவையென்றால் பங்குச் சந்தையின் சொந்த ஆப் இருக்கிறது. வாங்கும் பங்கு மார்க்கத்துக்கு உடன்பட்டதா, கம்பனியின் கடனும் வட்டி வருமானமும் எவ்வளவு என்பதை ஆலிம்களிடம் கணக்கோடு போய்க் கேளுங்கள், பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள்.

கடைசியாகத் தோட்டத்து உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். 1990களில் உங்கள் வாப்பா, அப்பா, அம்மா, ஆச்சி பெயரில் வந்த பங்குச் சான்றிதழ் தகரப் பெட்டியிலோ சாமிப் படத்துக்குப் பின்னாலோ இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். விற்றதற்குக் கையெழுத்து வைக்காதவர்களின் பங்கு இன்றும் அவர்கள் பெயரில் இருக்கலாம், எடுக்காத இலாபப் பங்கும் இருக்கலாம். பங்காளர் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தின் முகவரி ஒவ்வொரு கம்பனியின் ஆண்டறிக்கையிலும் இருக்கும். செக்ரோலில் எழுதிய பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி இருக்கும், அதற்காகப் பின்வாங்க வேண்டாம், சத்தியக் கடதாசி முடித்துச் சரி செய்ய வழி இருக்கிறது. இறந்தவர் பெயரில் இருந்தால் மரணச் சான்றிதழோடு வாருங்கள். சனிக்கிழமை காலையில் நான் வீட்டில் இருப்பேன். மூலத்தாளை யாரிடமும் கொடுக்காதீர்கள், என்னிடமும்தான். ஃபோட்டோ பிரதி போதும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டிய கடிதத்தைச் சேர்ந்து எழுதுவோம்.